பூந்திக்கொட்டை: எதைக் கேட்டு வாங்குவது, எவ்வளவு காய்ச்சுவது, எங்கே உதவாது (பெங்களூர்)

கோரமங்களா மாடிவீடு

வணக்கம். பட்டுப்புடவை, தலைமுடி, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், இந்த மூன்றுக்கும் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தும் முறை வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் சில நாள் காவிரித் தண்ணீர், சில நாள் போர்வெல். கடையில் ‘ரீட்டா’ என்று தனித்தனி உருண்டையாகவும் கிடைக்கிறது, ‘அண்டுவாள’ என்று இரண்டு மூன்று ஒட்டிக்கொண்ட மாதிரியும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றா? ஒருவர் ஐந்து கொட்டை போதும் என்கிறார், இன்னொருவர் ஐம்பது கிராம் என்கிறார். தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது.

பேட்டை சரக்கு

ஒரே பேரினம், வேறு வேறு இனம். உருண்டையாகத் தனித்து இருப்பது சபிண்டஸ் முக்கோரோசி. இமயமலை அடிவாரத்து மரம், வடக்கிலிருந்து மூட்டையில் வருகிறது. ஒட்டிக்கொண்டிருப்பது சபிண்டஸ் ட்ரைஃபோலியேட்டஸ், நம் தென்னாட்டு மரம். ஒரு பூவிலிருந்து இரண்டு மூன்று பல்லாகக் காய்த்து, காய்ந்தபின் பிரியும். பிரிந்த பல்லைத் திருப்பிப் பாருங்கள், ஒட்டியிருந்த இடத்தில் இதய வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதை வைத்தே இனம் கண்டுவிடலாம்.

நுரைக்கும் வேலையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் வடக்குக் காய் பெரியது, சதை தடிப்பு. அதனால்தான் “ஐந்து கொட்டை” என்ற கணக்கு ஒரு வீட்டில் சரியாகவும் அடுத்த வீட்டில் தண்ணியாகவும் வருகிறது. எண்ணாதீர்கள், எடை போடுங்கள். அதுவும் விதை நீக்கிய தோலின் எடை. உள்ளே இருக்கும் கறுப்பு விதையில் நுரை கிடையாது, சரக்கு முழுக்கத் தோலில்தான். கொட்டையோடு வாங்கினால் எடையில் கிட்டத்தட்ட பாதி விதையாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டு விலை கணக்குப் போடுங்கள்.

சிக்பேட்டை, அவென்யூ ரோடு, கே.ஆர். மார்க்கெட் பக்கம் ‘கிரந்திகெ அங்கடி’ என்று கேட்டால் நம் நாட்டு மருந்துக் கடை மாதிரியான கடையைக் காட்டுவார்கள். அங்கே ‘அண்டுவாள காயி’ அல்லது ‘நொரெகாயி’ என்று கேளுங்கள். மார்வாடிக் கடையில் ‘ரீட்டா’, தெலுங்குக்காரர் கடையில் ‘குங்குடுகாய’. தமிழ்க் கடைக்காரர்களிடம் பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை, பொன்னாங்கொட்டை, நெய்க்கொட்டான் என்று ஊருக்கு ஒரு பெயர் ஓடும். மணிப்புங்கு என்ற பெயரும் உண்டு, அதைச் சொல்லும்போது மட்டும் கவனம்: வெறும் ‘புங்கு’ என்று காதில் விழுந்து புங்கங்கொட்டையை நிறுத்துத் தந்துவிடுவார்கள். அது எண்ணெய்க்கு ஆட்டும் விதை, பூந்திக்கொட்டையின் வேலைக்கு உதவாது.

நல்ல சரக்கின் தோல் தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை இருக்கும், சுருங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஊடுருவித் தெரியும். குலுக்கினால் விதை உள்ளே ஆட வேண்டும். உடைத்த தோலின் உட்புறம் சாம்பல் பூஞ்சை இருந்தால் வாங்க வேண்டாம். தோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை திறந்த மூட்டையில் கிடந்த சரக்கு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். வாங்கியதும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, விதை எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வருஷம் தாங்கும்.

பொடியாக வாங்காமல் இருப்பது நல்லது. விதையையும் சேர்த்து அரைத்தார்களா, பழைய தோலா என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. வாங்கியே தீர வேண்டுமானால், கால் டீஸ்பூன் பொடியை அரை டம்ளர் வெந்நீரோடு பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். பத்து நிமிஷம் கழித்தும் நுரை நிற்க வேண்டும். டப்பாவைத் திறக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், இந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் லேசில் நிற்காது.

அல்சூர் அக்கா

காய்ச்சும் முறையை நான் எழுதுகிறேன். இதில்தான் அதிகம் கெடுகிறது.

விதை நீக்கிய தோல் 25 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரவே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். பாத்திரம் குறைந்தது மூன்று லிட்டர் கொள்ள வேண்டும், ஏனென்றால் கொதி வந்ததும் பால் பொங்குவதுபோல் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். தீ அணைந்து கேஸ் மட்டும் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொதி வந்த நொடியே தீயைக் குறைத்து, மூடாமல், 15 நிமிஷம். அதற்கு மேல் கொதித்தால் கொழகொழப்பும் நிறமும்தான் அதிகம் இறங்கும். ஸ்டீல் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம், நீர் கறுத்து வெளுப்பான துணியில் கறை ஏறும்.

ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். சிலர் மிக்ஸியில் போட்டு ஓட்டுகிறார்கள். ஜாரில் நுரை நிரம்பி மூடியைத் தள்ளும், தோல் துணுக்குகளாகி வடிகட்டியில் இறங்கி வரும். கைதான் சரி. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் 700, 750 மில்லி வரும். பிழிந்த தோலில் இன்னும் அரை லிட்டர் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் இரண்டாம் சாறு கிடைக்கும். அது பாத்திரம், தரை துடைக்க ஆகும்.

இந்த நீர் வெளியே வைத்தால் ஒன்றிரண்டு நாளில் புளிக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம். அதற்கு மேல் தேவையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பார்க்க டீத் தண்ணீர் மாதிரி இருக்கும். வயிற்றுக்குள் போனால் வாந்தி.

தலைக்கு: ஒருவருக்கு விதை நீக்கிய தோல் 8 கிராம், தண்ணீர் 300 மில்லி போதும். எண்ணெய் வைத்த தலைக்கு இது தனியாகவே எண்ணெயை எடுத்துவிடும். வறண்ட முடிக்கு அப்படியே போட்டால் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். பூந்திக்கொட்டை ஒரு பங்கு, சீயக்காய் இரண்டு பங்கு, வெந்தயம் அரைப் பங்கு சேர்த்து ஊறவைத்துக் காய்ச்சுங்கள். வெந்தயத்துக்குப் பதில் ஒரு பிடி செம்பருத்தி இலையைக் கசக்கிப் போட்டாலும் அந்த வழவழப்பு வரும். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சிவப்பு இறங்க நேரமாகும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், அரப்பு போதும்.

வேதி வழி

அக்கா சொன்ன 15 நிமிஷத்துக்கும் பெங்களூர்த் தண்ணீருக்கும் உள்ள காரணத்தைச் சேர்க்கிறேன்.

தோலில் இருப்பது சபோனின். காய்ந்த தோலின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அந்த மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனையில் கோத்திருக்கும் சர்க்கரைகள் தண்ணீரைப் பிடிக்கும். சோப்பும் அதே வேலைதான் செய்கிறது, ஆனால் சோப்பு கொழுப்பமிலத்தின் உப்பு. போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். பக்கெட் ஓரத்தில் படிவது அதுதான். சபோனின் அந்த மாதிரி வீழ்படிவு ஆகாது. உப்புத் தண்ணீரில் சோப்புக்கு நுரையே வராத அடுக்ககங்களில் பூந்திக்கொட்டை நுரைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, இந்த நீர் லேசான அமிலம். சோப்பு காரம். பட்டும் கம்பளியும் புரத இழைகள், காரம் அவற்றை அரிக்கும். காஷ்மீர் சால்வைகளை ரீட்டாவில் அலசும் வழக்கத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

லின்னேயஸ் 1753-இல் இந்தப் பேரினத்துக்கு வைத்த சபிண்டஸ் என்ற பெயரே ‘இந்திய சோப்பு’ என்ற லத்தீன் சொற்களைச் சுருக்கியதுதான். லிச்சி, ரம்புட்டான் எல்லாம் இதே குடும்பம். அதற்காக இதன் சதையைத் தின்னலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பசுமை வழி

இவ்வளவு இருக்கும்போது டிடர்ஜென்ட் பவுடர் எதற்கு? துணிப்பையில் ஆறு தோல் போட்டு மெஷினில் விட்டால் போதும், அதையே பத்து முறை பயன்படுத்தலாம் என்று பலரும் சொல்கிறார்களே. முழு மாற்றாகவே சொல்லலாம்.

வேதி வழி

இதை ஒப்புக்கொள்ள முடியாது நண்பரே. டிடர்ஜென்ட் பவுடரில் நுரைக்கும் பொருள் ஒரு பகுதிதான். கடினத்தன்மையை அடக்கும் உப்புகள், சோடா, என்சைம்கள், அழுக்கு திரும்பத் துணியில் படியாமல் தடுக்கும் பொருள் எல்லாம் கூடவே இருக்கின்றன. பூந்திக்கொட்டையில் அந்த வரிசை கிடையாது. சட்டைக் காலர் பிசுக்கு, குழம்புக் கறை, மஞ்சள், கிரீஸ், குழந்தையின் துணி இவையெல்லாம் இதில் முழுசாகப் போகாது. அன்றாடம் வெளியே போய்வந்த பருத்திச் சட்டை, வியர்வை, தூசு என்றால் போதும்.

வெள்ளைத் துணி இன்னொரு சிக்கல். சாறே பழுப்பு நிறம். நாலைந்து தடவை துவைத்தால் வெள்ளை மங்கும். வெள்ளையைத் தனியாகப் பிரித்து வேறு வழியில் துவையுங்கள். இது நல்ல பொருள், அதனால்தான் தாங்காத வேலையை அதன் தலையில் வைக்க வேண்டாம் என்கிறேன். வெள்ளை பனியனைப் போட்டுப் பார்த்து “ஏமாற்று” என்று தூக்கி எறிபவர்கள் பட்டுக்கும் கம்பளிக்கும்கூட அதற்குப் பிறகு தொடுவதில்லை.

அல்சூர் அக்கா

பை விஷயம். பெங்களூர்க் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சி. குளிர்ந்த நீரில் அரை மணி ஓட்டத்தில் தோலிலிருந்து கொஞ்சம்தான் இறங்கும், துணி வெறும் தண்ணீரில் அலசின மாதிரி வெளியே வரும். பைதான் வேண்டுமென்றால் 40 டிகிரி வெந்நீர் ஓட்டத்தில் போடுங்கள், அல்லது பையை அரை மணி சுடுநீரில் ஊறவைத்து அந்த நீரோடு சேர்த்து டிரம்மில் போடுங்கள். பத்து முறை என்பது நடக்காது. மூன்று நான்கு ஓட்டத்தில் தோல் நைந்து சாம்பல் நிறமாகும். பையை ஈரத்தோடு பிழிந்து பாருங்கள், நுரை வராவிட்டால் தோலைச் செடித்தொட்டிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

மெஷினுக்குக் காய்ச்சிய சாறுதான் நல்லது. ஆறு ஏழு கிலோ மெஷினுக்கு 100 மில்லி. பவுடர் போடும் அறையில் ஊற்றாதீர்கள், கொழகொழப்பு படிந்து அடைக்கும். நேராக டிரம்மில், துணிக்கு அடியில் ஊற்றுங்கள். தோல் துணுக்கு தப்பிப் போனால் கீழே இருக்கும் வடிகட்டியில் மாட்டும், மாதம் ஒருமுறை அதைத் திறந்து கழுவிவிடுங்கள். அழுக்குத் துணியில் நுரை சீக்கிரம் அடங்கிவிடும், அதைப் பார்த்து இன்னும் ஊற்ற வேண்டாம். நுரையின் உயரத்தை வைத்து அழுக்கு போனதா என்று அளக்க முடியாது.

கோரமங்களா மாடிவீடு

தெளிவாக இருக்கிறது, நன்றி அக்கா. காஞ்சிப் பட்டுக்கு அளவு சொல்லுங்கள். ஜரிகை கறுக்குமா?

பட்டுப் பெட்டி

முதலில் எந்தப் புடவையைத் தண்ணீரில் போடவே கூடாது என்று பார்ப்போம். உடல் ஒரு நிறம், கரை அரக்கு அல்லது கரும்பச்சை என்று எதிர் நிறத்தில் இருந்தால், உள்பக்கம் முந்தானை ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை நனைத்து, வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் டிரை கிளீனிங்குக்குத்தான். இந்தச் சோதனையைக் கரை, உடல், முந்தானை மூன்றிலும் தனித்தனியே செய்ய வேண்டும். மூன்றும் வேறு வேறு சாயத் தொட்டி பார்த்தவை. கல், மணி, ஆரி வேலை உள்ள ரவிக்கை, ஒட்டுத் துணி வைத்தது இவையும் வேண்டாம்.

சாயம் போகவில்லை என்றால்: அகலமான டப், ஐந்து லிட்டர் குளிர்ந்த தண்ணீர், அக்கா சொன்ன சாறு 150 மில்லி. கையால் கலக்கிவிட்டு, புடவையை மடிப்போடு அமுக்குங்கள். மூன்று நிமிஷம், அதிகம் போனால் ஐந்து. ஊறவைத்துவிட்டுக் கடைக்குப் போகிற வேலை வேண்டாம். தேய்ப்பு, அடிப்பு, முறுக்கிப் பிழிதல் மூன்றும் கூடாது. பட்டு நனைந்திருக்கும்போது வலு குறைவு, முறுக்கினால் ஜரிகை மடிந்து நிரந்தரக் கோடு விழும். அமுக்கி அமுக்கி எடுத்து, வேறு தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். சாறு மிச்சமிருந்தால் காய்ந்தபின் துணி விறைக்கும், பழுப்பு வளையமும் தெரியும். கடைசி அலசலுக்குக் காவிரித் தண்ணீர் வரும் நாளைப் பாருங்கள். போர்வெல் உப்பு காய்ந்தால் பட்டின் பளபளப்பில் ஒரு மங்கல் விழும்.

பெரிய டர்க்கித் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே மேலே மல் துணி போட்டு இஸ்திரி. ஜரிகைக் கறுப்பு பற்றிக் கேட்டீர்கள். வெள்ளி ஜரிகை கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால், வியர்வையால், வாசனைத் திரவியத்தால். பூந்திக்கொட்டை அதைக் கறுக்க வைக்காது, ஏற்கனவே கறுத்ததை வெளுக்கவும் வைக்காது. மைசூர் சில்க் கிரேப் துணி என்பதால் ஈரத்தில் கொஞ்சம் சுருங்கும். அதை இழுத்து உலர்த்தாமல் சமமாக விரித்துக் காயவிடுங்கள்.

பேட்டை சரக்கு

நகைக்கும் இதே கணக்குதான். தங்கத்தின் மேல் படியும் எண்ணெய், சோப்புப் பிசுக்கு, மஞ்சள் இதையெல்லாம் எடுக்கும். தட்டான்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது இதைத்தான். வெதுவெதுப்பான சாற்றில் 15 நிமிஷம் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் கண்ணிகளைத் தேய்த்து, அலசித் துடைக்க வேண்டும். வாஷ்பேசினில் செய்யாதீர்கள், கிண்ணத்தில் செய்து, அந்த நீரை வடிகட்டிவிட்டுக் கொட்டுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய நகை, குந்தன், நூலில் கோத்த முத்து, பவளம் இவற்றைச் சூட்டிலும் ஊறலிலும் போடக் கூடாது. வெள்ளிக் கொலுசின் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு, அதற்கு இது மருந்தல்ல.

பனசங்கரி தோட்டம்

மாடித்தோட்டக்காரர்களுக்கு இரண்டு குறிப்பு, ஒரு எச்சரிக்கை.

வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதந்து, தெளிக்கும்போது கடைசித் துளிகளில் மட்டும் கெட்டியாக வந்து இலையைக் கருக்கும். அதற்குப் பூந்திக்கொட்டைச் சாறு நல்ல இணைப்பு. 5 மில்லி வேப்பெண்ணெயை 20 மில்லி கெட்டிச் சாற்றோடு சின்ன பாட்டிலில் பால் நிறம் வரும்வரை குலுக்குங்கள். பிறகுதான் ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்க்க வேண்டும். தண்ணீரில் எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் சாறு சேர்த்தால் பிரிந்துவிடும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

பழத்தோல் பயோ என்சைம் செய்கிறவர்கள் புளிக்கும் டப்பாவிலேயே பூந்தித் தோலையும் போட்டு மூன்று மாதம் வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் சபோனினில் உள்ள சர்க்கரைகளையும் பிய்த்துத் தின்னும், நுரை குறையும். என்சைம் தனியாக முடிந்தபின், தரை துடைக்கும் அன்று, புதுச் சாற்றோடு சம அளவு கலப்பதே சரி.

எச்சரிக்கை: சபோனின் மீனுக்கு நஞ்சு. செவுளைத் தாக்கும். குளத்தில் காயைக் கசக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் பழைய வழக்கம் பல இடங்களில் உண்டு. கொசுவுக்காக அல்லித் தொட்டியில் கப்பி மீன் விட்டிருப்பவர்கள், துவைத்த தண்ணீரும் தெளிப்பு மருந்தும் அந்தத் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடி மண்ணுக்கு நீர்த்த கழிவுநீர் ஊற்றலாம்.

கோரமங்களா மாடிவீடு

கறுப்பு விதைகள் நிறையச் சேர்கின்றன. தூக்கிப் போட மனசில்லை. ஊரில் நிலம் இருக்கிறது, முளைக்குமா?

பனசங்கரி தோட்டம்

காய்ச்சும் முன் எடுத்த விதை மட்டும் முளைக்கும், கொதித்தது செத்துவிடும். அதனால்தான் விதையை முதலிலேயே நீக்கச் சொல்வது. உங்கள் ஊர் தெற்கே என்றால் தென்னாட்டு இனத்தின் விதையாகப் பாருங்கள். கடையில் உருண்டையாக வாங்கிய வடக்கு விதை அடிவாரக் குளிருக்குப் பழகிய மரம்.

விதையின் ஓடு மிகக் கெட்டி, அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒட்டுத் தழும்பு உள்ள பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் அரத்தால் உள்ளே வெளிர் நிறம் தெரியும்வரை மட்டும் தேயுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, மிதப்பதைக் கழித்துவிட்டு, ஒரு அங்குல ஆழத்தில், உயரமான பையில் ஊன்றுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், குட்டைப் பையில் சுருண்டுவிடும். முளைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். பழைய சரக்கின் விதையில் பாதிக்கு மேல் வராமலும் போகலாம், அதனால் தேவைக்கு மூன்று மடங்கு போடுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள், மரத்துக்கு மரம் 20 அடி விடுங்கள், முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர். விதையிலிருந்து வந்த மரம் காய்க்க எட்டுப் பத்து ஆண்டு ஆகும். பூக்கும்போது தேனீ நன்றாக வரும். வேலியோரத்தில் வைக்கலாம், கிணற்றுக்கும் மீன் குட்டைக்கும் மேலே கவியும்படி மட்டும் வைக்க வேண்டாம், காய் உதிர்ந்து விழும்.

முளைக்காத விதைகளைத் துளையிட்டு மணியாகக் கோக்கலாம், அவ்வளவு வழவழப்பான கறுப்பு. ஜப்பானில் புத்தாண்டு இறகுப்பந்து ஆட்டத்தில் இறகுகளைச் செருகும் உருண்டை இதே வடக்கு இனத்தின் விதைதான்.

கோரமங்களா மாடிவீடு

சரி. சனிக்கிழமை சிக்பேட்டையில் ஒட்டுப்பல் காய் ஒரு கிலோ வாங்கி, விதையைப் பிரித்துவிட்டு 25 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைக்கிறேன். அரக்குக் கரைப் புடவை டிரை கிளீனிங், வெள்ளைத் துணி தனி. அல்லித் தொட்டியில் எங்களுக்கும் கப்பி இருக்கிறது, மெஷின் கழிவுக் குழாயை அந்தப் பக்கத்திலிருந்து மாற்றிவிடுகிறேன்.